ரசீது வேண்டாம்

"வாங்க மாஸ்டர். கப்பு கெடைக்கலைன்னு ஒங்க மூஞ்சியே சொல்லுதே. போகட்டும், மொதல்ல காப்பியக் குடிங்க" என்றார் விசாலம் ஆச்சி.

அழகுசுந்தரம் டம்ளரை வாங்கிக்கிட்டார். அவர் காரைக்குடியில ஒரு காலேஜில விளையாட்டு மாஸ்டர். மதுரையில பூப்பந்துப் போட்டி முடிஞ்சு இன்னைக்குக் காலையிலதான் டீமோட திரும்பியிருந்தார். வீட்டுக்குக்கூடப் போகலை. பஸ் ஸ்டாண்டிலேயே பஸ் மாறி நேரா கானாடுகாத்தானுக்கு வந்துட்டார். பணம் கொடுத்தவங்க வீட்டுக்கு, மத்தவங்க போய்ச் சொல்றதுக்குள்ள நாம போயிடணும். பதினஞ்சு வருச அனுபவம் அது.

பணம் வந்தது ரெண்டு மாசத்துக்கு முந்தி. அறுபத்தெட்டாம் வருசம், காலேஜில பஸ் செலவுக்கே வழி இல்லை, மதுரைக்குப் போக வேண்டாம்னு பிரின்சிபால் கையை விரிச்சுட்டார். அந்த வாரமே ஆச்சி ஆள் விட்டுக் கூப்பிட்டார். செட்டியார் பினாங்கில இருக்கார், இங்கே எல்லாம் ஆச்சிதான். நானூறு ரூபாயை எடுத்து முன்னால வச்சார்.

"டீமுக்கு வச்சுக்கங்க மாஸ்டர். ரசீது வேண்டாம். எங்க பேரும் வெளிய வர வேண்டாம்."

மாஸ்டர் அன்னைக்கு ராத்திரி தூங்கலை. போன வருசம் நெட் வாங்கிக் கொடுத்தவர் அந்த நெட்டிலேயே தன் பேரைத் தைக்கச் சொன்னார். பந்து வாங்கிக் கொடுத்தவர் மருமகனுக்கு கிளார்க் வேலை கேட்டார். ரசீதே வேண்டாம்னு ஒருத்தர் சொன்னா, வேற ஏதோ பெருசா எதிர்பார்க்கிறார்னுதானே அர்த்தம்?

ஆச்சியோட மகன் காசிவிஸ்வநாதன் அதே காலேஜில படிக்கிறான். தினம் சாயங்காலம் மைதானத்துக்கு வந்து பந்து பொறுக்கிப் போட்டுக்கிட்டு நிப்பான். மாஸ்டருக்கு எல்லாம் விளங்கிப் போச்சு.

பூப்பந்து ஆடுறது அஞ்சே பேர். ஒருத்தன் உள்ளே வந்தா ஒருத்தன் வெளியே போகணும். மத்த நாலு பேருக்கு யாராவது ஒரு பெரிய மனுசன் கேக்க வருவான். சாதிக் அலிக்குக் கேக்க ஆள் இல்லை. செக்காலையில சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டுறவர் மகன். ஒடிஞ்ச பேட்டில டியூபைச் சுத்திக் கட்டி ஆடுவான். ஆனா அஞ்சு பேரில அவன்தான் ஆட்டக்காரன். மதுரையில ஆடுறவங்களைப் பார்த்துத்தான் யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுப்பாங்க. பேர் வந்தா பீஸ் கட்ட வேண்டாம். வரலைன்னா அடுத்த டேர்முக்கு அவன் காலேஜுக்கே வர முடியாது. எல்லாம் மாஸ்டருக்குத் தெரியும்.

தெரிஞ்சேதான் சொன்னார். "ஒனக்கு முட்டி வீங்கியிருக்குடா. இந்தத் தடவ வெளிய உக்காரு. காசி ஆடட்டும்."

"முட்டி நல்லாத்தான் சார் இருக்கு."

"நான் சொல்றேன்ல."

சாதிக் தன் முட்டியை ஒரு தடவை குனிஞ்சு பார்த்தான். "சரி சார்."

பக்கத்தில நின்ன காசிக்கு மூஞ்சி செத்துப் போச்சு. "சார், நான் வேண்டாம் சார். கொஞ்சம் அங்குட்டு வாங்களேன், ஒண்ணு சொல்லணும்."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். போயி பேட்டை எடு." பெரிய வீட்டுப் பிள்ளை, கூச்சப்படுதுன்னு நினைச்சார்.

ஆச்சி பணத்தில வாங்கின புது பேட்டுகளையெல்லாம் மதுரைக்கு சாதிக்தான் தோளில தூக்கிட்டு வந்தான். வெளியே உக்காந்து தண்ணி மொண்டு கொடுத்தான். முதல் ஆட்டத்திலேயே இருபத்தொம்பதுக்குப் பதினொண்ணுன்னு தோத்தாங்க. திரும்பி வரும்போது பஸ்ஸில அவன் எந்திரிச்சு மாஸ்டருக்கு இடம் விட்டான். மாஸ்டர் அவன் மூஞ்சியைப் பார்க்காமலே உக்காந்துக்கிட்டார்.

"காசி எங்க, ஒங்களோட வரலையா?" ஆச்சி கேட்டார்.

"செக்காலையிலேயே எறங்கிட்டாரு ஆச்சி."

"அங்குட்டுத்தான் போவான்." ஆச்சி சிரிச்சுக்கிட்டார்.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். அடுத்த வருசத்துக்கும் பணம் வேணுமே. "தோத்தது தோத்ததுதான் ஆச்சி. ஆனா தம்பி பிரமாதமா ஆடுனாரு. அடுத்த வருசம் அவரையே கேப்டனாப் போட்டுரலாம்னு இருக்கேன்."

"யாரு, எங்க காசியா?" ஆச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பத்தடி ஓடுனா அவனுக்கு மூச்சு வாங்குமே. ஒரு மாம்பழத்தத் தூக்கிப் போட்டாப் புடிக்கத் தெரியாது. அவன எதுக்கு மாஸ்டர் எறக்குனீக?"

மாஸ்டர் மிச்சக் காப்பியை ஒரே மடக்கில குடிச்சார். "இல்ல ஆச்சி... அவ்வளவு பணம் குடுத்தீக. ரசீதும் வேண்டாம்னீக. அதான் நானா..."

ஆச்சி குரலை இறக்கிக்கிட்டார்.

"காசிதான் வந்து அழுதான் மாஸ்டர். கூடப் படிக்கிற பையன் ஒருத்தன், மதுரையில ஆடலைன்னா படிப்பே நின்னுருமாம். நேரா நீட்டுனா வாங்க மாட்டானாம், ரோசக்காரனாம். அவன் காதுக்கு எட்டிரக் கூடாதேன்னுதான் டீமுக்குன்னு குடுத்து, ரசீதுகூட வேண்டாம்னேன். சரி விடுங்க. எங்க பய ஆடுனது கெடக்கட்டும்" என்றவர், காலி டம்ளரை வாங்கக் கையை நீட்டிக்கிட்டே கேட்டார்:

"சாதிக் அலி எப்படி ஆடுனான்?"