சாக்கு கட்டாத இடுப்பு

ஐந்தாம் நம்பர் மலையில், தேயிலைச் செடிக்கு அடியில் அந்தப் பூனை எலும்பும் தோலுமாகப் பதுங்கிக் கிடந்தது. ரொட்டியைப் பிய்த்து நீட்டினால் இரண்டடி வரும். பிறகு என் இடுப்பைப் பார்த்துவிட்டு ஓடிவிடும்.

நான்காம் நாள், கொழுந்து பறிக்கும் எல்லோரும் இடுப்பில் கட்டுகிற சாக்கைக் கட்டாமலே மலை ஏறினேன்.

“செடி குத்திக் கிழிக்கும் புள்ள. சாக்கைக் கட்டு, இல்லாட்டி அரை நாள் சம்பளத்துக்குத்தான் பேரு போடுவேன்,” என்றார் செல்லசாமி கங்காணி.

“கிழிக்கட்டும். அரை நாளே போடுங்க.”

இரண்டு நாள் அப்படியே பறித்தேன். பாவாடை கிழிந்தது, தொடையெல்லாம் கீறல். இரண்டாம் நாள் மாலை பூனை என் மடியில் ஏறி ரொட்டியைத் தின்றது. கொழுந்துக் கூடையில் வைத்து லயத்து வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

வாசலில் அப்பா மறித்தார். “இந்தச் சனியன் எப்படித் திரும்பி வந்துச்சு? போன மாசமே சாக்குல கட்டி மலையில விடச் சொன்னேனே?”

“விட்டேன்ப்பா. கட்டுனதும் நான்தான், விட்டதும் நான்தான்.”

பூனையைக் கூடையிலிருந்து எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

“இனிமே சாக்கை எடுத்தீங்கன்னா, முதல்ல என்னையக் கட்டுங்க.”