கோபாலசாமியின் ஜனங்கள்

கண்ணாடிக் கதவைத் திறந்து மாயாண்டி மறுபடியும் தலையை நீட்டினான்.

"சார், போலாங்களா?"

கோபாலசாமிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பர் துபாயில் இவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் கடைக்கு வந்து, ஒரு மனுஷன் நிம்மதியாக நாலு விஷயம் விசாரிக்க விடுகிறானா இந்த டிரைவர்? வந்ததிலிருந்து இதே பல்லவி. ரூமுக்குப் போய்ச் சோறு பொங்க வேண்டும், ஊருக்கு போன் பேச வேண்டும். வேறென்ன அவசரம் இருக்கப் போகிறது?

போ என்று கையை ஆட்டினார். கதவு மூடிக்கொண்டது.

கோபாலசாமி ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் மேனேஜர். கம்பெனி வண்டிகளில் எது எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். சொந்தக் காரை சர்வீஸுக்கு விட்டிருந்ததால், கேட்டில் கிளம்பத் தயாராக நின்ற ஒரு வண்டியில் ஏறிக்கொண்டு இங்கே வந்துவிட்டார்.

அதெல்லாம் வயிற்றுப் பிழைப்பு. அவருடைய உயிர் இருப்பது வேறு இடத்தில். கம்ப்யூட்டரில் ஊர் கட்டுகிற விளையாட்டு ஒன்று உண்டு. ரோடு போடலாம், வீடு கட்டலாம், பஸ் விடலாம். அதில் அவர் மூன்று லட்சம் ஜனங்களுக்கு அதிபதி.

விளையாட்டோடு வந்த சாமான் போதவில்லை அவருக்கு. உலகத்தில் யார் யாரோ செய்து இலவசமாகத் தருகிற உபரிச் சரக்குக்கு மாட் என்று பெயர். அதை மூட்டை மூட்டையாக இறக்கி வைத்திருந்தார். பஸ் ஸ்டாப்புக்கு ஏசி போட ஒரு மாட். நடைபாதையில் நிழல் மரம் வைக்க ஒரு மாட். ஜனங்களுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டக்கூட ஒன்று. பாரம் தாங்காமல் பழைய கம்ப்யூட்டர் முக்க ஆரம்பித்துவிட்டது.

கடையில் இருந்த அகமது கபீர் கீழக்கரைக்காரர், பொறுமைசாலி. என்ன கோளாறு என்று கேட்டார்.

"பஸ் வர மாட்டேங்குது கபீர்." என்றார் கோபாலசாமி. "ஸ்டாப்புல ஜனங்க நின்னுக்கிட்டே இருக்காங்க. கண்ணால பாக்க முடியல."

கபீர் நிதானமாக விளக்கினார். ஒவ்வொரு ஆளுக்கும் வீடு எங்கே, வேலை எங்கே, எந்த வழியாகப் போவான் என்று மெஷின் கணக்குப் போட வேண்டுமாம். ஆள் கூடக் கூட அதற்கு மூச்சு முட்டுமாம்.

"கட்டடமெல்லாம் பளபளன்னு தெரியணும்னா கிராபிக்ஸ் கார்டுல காசைப் போடுங்க சார். ஆளுங்க நேரத்துக்கு வீடு போய்ச் சேரணும்னா பிராசஸர்லயும் மெமரியிலயும் போடுங்க."

"கட்டடம் கெடக்கட்டும். எனக்கு ஜனங்கதான் முக்கியம்."

கபீருக்கு அவர்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. அதனால் வியாபாரத்தையும் மறந்து ஒரு யோசனை சொன்னார். ஊரில் பாதிப் பேரைக் குறைத்துவிட்டால் பழைய மெஷினே தாராளமாக ஓடும், எதற்கு வீண் செலவு என்றார்.

கோபாலசாமியின் முகம் மாறிவிட்டது. வீடு தருகிறேன், வேலை தருகிறேன் என்று கூப்பிட்டுவிட்டு, பாரமாகிவிட்டார்கள் என்று கழற்றி விடுவது என்ன நியாயம் என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தார்.

"நம்மளை நம்பி வந்தவங்க இல்லையா கபீர்?"

கபீர் தலையைக் குனிந்துகொண்டார்.

கதவு திறந்தது. மாயாண்டிதான். கையில் செல்போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"டிரைவர், வெளியில நில்லுன்னா நிக்க மாட்டியா?" என்றார் கோபாலசாமி. மூன்று வருஷமாக அவர் கீழே வேலை செய்கிறவன்தான். மாயாண்டியோ வேலாண்டியோ, பெயர் மட்டும் அவர் நாக்கில் நிற்பதில்லை.

புது மெஷினுக்குக் கடையிலேயே ஒசந்த பிராசஸராக எடுத்தார். மெமரி பழையதைப் போல நாலு மடங்கு. எத்தனை நேரம் உழைத்தாலும் சூடேறக் கூடாது, பாவம் என்று இரட்டை ஃபேன் வைத்த கூலர் ஒன்றும் போடச் சொன்னார். எல்லாவற்றையும் பூட்டி ஓட்டிப் பார்ப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது. அதுவரை கபீரிடம் மனசைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"என் ஊர்ல பஸ் லேட்டானா ஜனங்க ஊரை விட்டே போயிடுவாங்க கபீர். போன வாரம் கனகான்னு ஒருத்தி, புருஷன், ரெண்டு குழந்தை, ஒரு நாய், எல்லாரும் மூட்டையைக் கட்டிட்டாங்க. எனக்கு அன்னிக்குச் சோறே எறங்கல."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது அவருக்கு.

வெளியே ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கம். நாலடி நடப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மாயாண்டி பெட்டியைச் சுமந்து வந்து வண்டியில் ஏற்றினான். வண்டியில் இடத்துக்குப் பஞ்சமில்லை. மூன்று பேர் உட்காரும் சீட்டு ஒன்றை அதற்கே ஒதுக்கி, ஆடாமல் இருக்கக் கயிறும் கட்டச் சொன்னார் கோபாலசாமி.

"நேரா ஷார்ஜா, ரோலா. வீட்டுல எறக்கிட்டு அப்புறம் எங்க வேணா போ."

மாயாண்டி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தயங்கினான்.

"சார், இது சைட்டு பஸ்ஸு. அல் கூஸ் சைட்டுல நம்ம ஆளுக டூட்டி முடிஞ்சு ரோட்டோரமா நிக்கிறாக. அப்பப் புடிச்சு போன் மேல போன். ரோலா போயித் திரும்பணும்னா இந்த டிராபிக்ல ராத்திரி ஆயிரும். இங்கன பக்கந்தான், அவுகளையும் ஏத்திக்கிட்டே போயிரலாமே சார்."

கோபாலசாமி புதுப் பெட்டியைப் பார்த்தார். சிமெண்டும் மண்ணுமாக அத்தனை பேர் ஏறுவதை நினைத்தாலே அவருக்குப் பகீரென்றது.

"நிக்கட்டும்ப்பா," என்றார். "அவங்க எங்க போயிடப் போறாங்க?"