மழைக்குப் போன கரண்ட்

"கம்ப்யூட்டர் தூங்குதா, இல்ல நீங்க தூங்குறீங்களா?" அலுவலகமே கேட்கும்படி கத்தினார் மேலாளர்.

"காலையில ஆன் பண்ணினா மதியம் வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கு சார்," என்றாள் பில் போடும் பெண்.

"கெடுத்து வச்சதே நீங்கதானே! இன்னிக்குச் சரியாகலைன்னா நாளைக்கு உங்க நாற்காலியில வேற ஆள்."

பழுது பார்க்க வந்தவர் சற்று நேரம் தட்டிப் பார்த்தார். "மெஷின்ல ஒரு குறையும் இல்ல சார். ஆபீஸ் முடிஞ்சதும் அது தானா அப்டேட் ஆகுது. பாதியில யாரோ கரண்ட்டை நிறுத்திடறாங்க. பாவம், மறுநாள் காலையில அது மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்குது."

"எந்த அறிவுகெட்ட ஜென்மம் அது? சொல்லுங்க, இப்பவே வீட்டுக்கு அனுப்பறேன்!"

பில் போடும் பெண் மெதுவாகச் சொன்னாள்: "மழைக்குக் கரண்ட் போயிருக்கும் சார்."

"எதுக்கெடுத்தாலும் ஒரு சாக்கு!" உதட்டைப் பிதுக்கிவிட்டு அவர் தன் அறைக்குப் போனார்.

மாலையில் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். 'இந்த ஆபீஸ்ல பொறுப்புள்ளவன் நான் ஒருத்தன்தான்' என்று முணுமுணுத்தபடி, தினமும் செய்வதுபோலவே, மேலாளர் வாசலோரம் இருந்த மெயின் சுவிட்சை அணைக்கக் கையை உயர்த்தினார்.

உயர்த்திய கை அப்படியே நின்றது.

மழை பெய்து மாதக்கணக்கில் ஆகிறது என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.