ஒரு ரவுண்டுகூடத் தாங்காது

“ஓடச் சொன்ன டாக்டர் கெடக்குறாரு. அறுபத்தெட்டு வயசுல உங்களுக்கு ஓட்டமெல்லாம் வேணாம்லா. ஒரு ரவுண்டுகூடத் தாங்க மாட்டீங்கன்னு பக்கத்து வீட்டு ஸ்கந்தராஜா அண்ணே சொல்லிக்கிட்டுத் திரியறாரு,” என்றாள் வீரம்மா.

அவள் கணவர் சீனிக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலையிலேயே காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஈப்போ போலோ திடலுக்குப் போனார். அங்கே ஸ்கந்தராஜா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார். ஆறு மாதம் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் போட்டி போட்டு ஓடினார்கள். சீனிக்குத் தொப்பை கரைந்தது, சர்க்கரையும் இறங்கியது.

ஒருநாள் மழை பிடித்துக்கொள்ள, இருவரும் ஒரே கூரையின் கீழ் ஒதுங்கினார்கள். சீனியால் அடக்க முடியவில்லை.

“அண்ணே, நான் ஒரு ரவுண்டு தாங்க மாட்டேன்னு ஏன் சொன்னீங்க?”

“நானோ? நான் பாதியில விழுந்திடுவன் எண்டு நீரல்லோ சொன்னீராம்! என்ட மனுசி அம்பிகை சொன்னவ.”

எதிர்த் தேநீர்க்கடையில் வீரம்மாவும் அம்பிகையும் தே தாரிக் குடித்தபடி, இவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சீனிக்கு எல்லாம் விளங்கியது. “ஏமாந்துட்டோம்ணே. இனி ஓட வேணாம். நீங்க நிறுத்துங்க, நானும் நிறுத்திடுறேன்.”

“நீர் முதல்ல நிறுத்தும்.”

மழை விட்டது. இருவரும் ஒருவரையொருவர் முறைத்தபடி மறுபடியும் ஓடத் தொடங்கினார்கள்.