கட்டிங் போர்மேன்

"அந்தக் கூட்டம் இப்பல்லாம் இங்க நடக்கறதில்லையே" என்றாள், மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள்.

வெல்டரின் பின்னால் மகன் இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான்.

மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். "அப்பா, என்னால குடியை விட முடியல. எங்கயாவது கூட்டிட்டுப் போங்க" என்று மகனே வாய்விட்டுச் சொன்னது இன்று காலையில்தான்.

"சூட்டோட சூடா கூட்டிட்டுப் போங்க. நாளைக்குன்னா மனசு மாறிடுவான்" என்று மனைவி விரட்டினாள்.

குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசுகிற இடம் என்று வெல்டருக்குத் தெரிந்தது இந்த மண்டபம் ஒன்றுதான்.

"ஏம்மா நின்னுபோச்சு?"

"எவனோ வெல்டிங்காரன் ஜன்னல் கம்பி பத்தவைக்க வந்தானாம். உள்ள பேசினதைக் கேட்டுட்டு ஊர்பூரா தம்பட்டம் அடிச்சிட்டான். அடுத்து நம்ம பேர் நாறுமோன்னு பயந்து ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. அவன் கை விளங்குமா?"

வெல்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மிச்சம் நாலஞ்சு பேர் போர்மேன் வீட்டு மாடியில கூடறாங்க. அங்க போய்க் கேளுங்க."

போர்மேன்!

பட்டறையில் ஒருநாள் வெல்டர் ஒட்டிய கேட்டைப் போர்மேன் எல்லார் முன்னாலும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். கேட் இரண்டாகப் போனது. "இது வெல்டிங்காய்யா, எச்சி தொட்டு ஒட்டினதா?" என்றார். பட்டறையே சிரித்தது.

அதன்பிறகு சோறு இறங்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பும் கூடவே இறங்கியது வெல்டருக்கு.

பிறகுதான் இந்த மண்டபத்து ஜன்னல் வேலை வந்தது. எட்டிப் பார்த்தால் உள்ளே வரிசையாக முதுகுகள். அவற்றுக்கு எதிரே போர்மேன் எழுந்து நின்று, "நான் ஒரு குடிகாரன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மாட்டினாருடா ஆளு என்று வாய்விட்டுச் சிரித்தார் வெல்டர்.

மறுநாள் பட்டறையில் வெல்டர் சத்தமாகச் சொன்னார்: "இங்க வெல்டிங்குக்கு நான். கட்டிங்குக்கு நம்ம போர்மேன்!"

பட்டறையில் கட்டிங் என்றால் இரும்பை அறுப்பது. சாராயக் கடையில் கட்டிங் என்றால் குவார்ட்டரில் பாதி. புரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'கட்டிங் போர்மேன்' என்ற பெயர் முதலாளி காது வரைக்கும் போனது. கொஞ்ச நாளில் போர்மேனுக்கு வேலை இல்லை.

"அந்த ஆள் வீட்டுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? நாளைக்கு வேற இடம் விசாரிப்போம்டா" என்றார் வெல்டர்.

மகன் கண் தெருமுனைச் சாராயக் கடையின் பக்கம் போய்ப் போய் வந்தது.

வெல்டர் அவன் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

கதவைத் திறந்தவர் போர்மேன்தான். தலை முழுக்க நரைத்திருந்தது.

"வாய்யா வெல்டர். இதுதான் உன் பையனா?"

"ஆமா சார். குடியை விடணும்ங்கறான்..."

"அவனே சொன்னானா, நீ இழுத்துட்டு வந்தியா?"

"அவனேதான் சார்."

"அப்ப உள்ள வரட்டும்."

திட்டுவார், கதவைச் சாத்துவார் என்று எதிர்பார்த்து வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"சார், நான் அன்னிக்கு உங்களைக் குடிகாரன்னு..."

"நான் சொன்னதைத்தானே நீ சொன்னே?" போர்மேன் லேசாகச் சிரித்தார். "ஆனா ஒண்ணுய்யா. குடிச்சிட்டிருக்கிறவன் எவனாவது தன் வாயால குடிகாரன்னு சொல்லுவானா? விட்டவன்தான் சொல்லுவான். நான் விட்டு அப்பவே பல வருஷம். புதுசா வர்றவங்களுக்குக் கூச்சம் விடட்டும்னு நான் முதல்ல எந்திரிச்சு சொல்லுவேன். அதுதான் உன் காதுல விழுந்தது."

வெல்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இதையெல்லாம் பட்டறையில சொல்லியிருக்கலாமே சார். வேலை போயிருக்காதே."

"எப்படிச் சொல்றது? அங்க வேற யார் யார் இருந்தாங்கன்னு அடுத்த கேள்வி வருமே." போர்மேன் மகன் பக்கம் திரும்பினார். "தம்பி, உன் பேர்கூடச் சொல்ல வேணாம். மாடிக்கு வாப்பா."

அவர் முன்னால் படியேறினார்.

வெல்டர் மகன் காதருகில் குனிந்தார்.

"எப்பேர்ப்பட்ட மனுஷனைப் போய்... சரி, நீ போடா. புது இடம்னு கூச்சப்படாதே."

மகன் முதல் படியில் நின்றான். திரும்பவில்லை.

"எனக்குப் புதுசு இல்லப்பா. அவருக்கும் என்னைத் தெரியும். உங்க முன்னால காட்டிக்கல, அவ்வளவுதான்."

"எப்படிடா?"

"அன்னிக்கு மண்டபத்துல அவருக்கு அடுத்து பேச வேண்டியவன் நான்தான். பாதி எந்திரிச்சிட்டேன். முதுகுக்குப் பின்னால, ஜன்னல்ல நீங்க சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு... உக்காந்துட்டேன்."