மூன்றே ஓட்டம்

"மூணே மூணு ஓட்டம். அதுக்குள்ள ஒரு நாக்கு மீனாவது படகுல ஏறணும். இல்லேன்னா கல்யாணப் பேச்சை இதோட விட்டுடணும்" என்றாள் படகுக்காரி, என்ஜினை அணைத்தபடி.

துணிக்கடைக்காரர் பழக்க தோஷத்தில் ஐந்து கேட்டார். அவள் மூன்று என்றாள். அவர் நாலரைக்கு இறங்கி வந்தார். இன்னொரு வார்த்தை பேசினால் இரண்டாக்கி விடுவேன் என்று அவள் சொன்னதும், யோசித்துப் பார்த்தால் மூன்றுதான் நியாயமான எண்ணிக்கை என்று ஒப்புக்கொண்டார். கல்லாவில் உட்கார்ந்த நாளிலிருந்து அவர் இவ்வளவு சீக்கிரம் படிந்தது இதுதான் முதல் தடவை.

துறையில் எல்லோரும் அவளைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். கடலடியில் இருக்கும் மணல் திட்டில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வேலையை அவளே விளக்கினாள். படகைக் குறுக்கே திருப்பி விட்டுவிட்டால் போதும், நீரோட்டமே திட்டின் மேல் இழுத்துக்கொண்டு போகும். தூண்டிலின் ஈயக்குண்டு தரையைத் தட்டித் தட்டி வரும், பின்னாலேயே இரை வரும். நாக்கு மீன் தட்டு மாதிரி மணலில் படுத்து, ஒரே பக்கத்தில் இருக்கும் இரண்டு கண்ணாலும் மேலே பார்த்துக்கொண்டிருக்கும். திட்டு முடிந்தால் ஓட்டம் முடிந்தது. மறுபடி தொடக்கத்துக்குப் போக வேண்டும். மூன்று ஓட்டத்துக்கு மேல் நீரோட்டம் நின்றுவிடும்.

அவருக்கு முன்னால் இதே பேச்சோடு இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் கட்டடக் கான்ட்ராக்டர். கயிறு லேசாக ஆடியதற்கே அவர் இழுத்த இழுப்பில், தூண்டில் முள் அவர் தொப்பியில் வந்து மாட்டியது. அடுத்தவர் வங்கி மேனேஜர். படகு சரியில்லை, நீரோட்டம் சரியில்லை, மீனுக்கே வளர்ப்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். இருவரையும் மரியாதையாகக் கரையில் இறக்கிவிட்டுவிட்டாள்.

"மீன் பிடிக்கிறதுக்கும் குடும்பம் நடத்துறதுக்கும் என்ன சம்பந்தம் கேப்டன்?"

"எங்க வீட்டுல ஏற்கெனவே ஒரு அவசரக்காரரைப் பார்த்தாச்சு, கடைக்காரரே. எல்லாத்துலயும் வெடுக் வெடுக். ஒருநாள் வெடுக்குனு வீட்டை விட்டே போயிட்டார். அந்த மாதிரி இன்னொருத்தர் வேணாம்."

கடைக்காரர் தூண்டிலைக் கையில் எடுத்தார். தன் கடையில் ஒரு திரைச்சீலைக்கு நடந்த பேரத்தில் மனசைப் பறிகொடுத்து, ஒரு வருஷம் தயங்கித் தயங்கித்தான் வாயைத் திறந்திருந்தார். அதன் முடிவு இப்போது ஒரு மீனின் கையில் இருந்தது. மீனுக்குக் கை இல்லை என்பது வேறு விஷயம்.

முதல் ஓட்டத்தில் கயிறு சுண்டியது. இழுத்தார். முள் மட்டும் வந்தது.

"அது வாயே திறக்கலை. மோந்துதான் பார்த்துச்சு" என்றாள்.

இரண்டாம் ஓட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். ஆனால் மீன் இருக்கிறதா போய்விட்டதா என்று பார்க்க, கயிற்றைக் கொஞ்சமாக இறுக்கினார். போய்விட்டது. அவள் ஒன்றும் சொல்லாமல் என்ஜினைப் போட்டாள். திட்டச் சொல்லிக் கெஞ்சலாமா என்றிருந்தது அவருக்கு.

மூன்றாம் ஓட்டம். பாதித் திட்டு தாண்டியும் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சுண்டு.

கை போனது, பாதியில் நின்றது. இந்தச் சுண்டு அவருக்குத் தெரிந்ததுதான். கடைக்கு வருகிற அம்மாள் துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தொட்டுப் பார்ப்பாள். அந்த நேரத்தில் 'எடுத்துக்கங்கம்மா' என்று வாயைத் திறந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவாள். நல்ல வியாபாரி அப்போது வேறு துணியை மடித்துக்கொண்டிருப்பான். அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கி மேஜைமேல் வைக்கிற வரைக்கும் நிமிரவே மாட்டான்.

கடைக்காரர் இரண்டு முழம் கயிறு விட்டார். வானத்தைப் பார்த்தார். டீசல் என்ன விலை விற்கிறது என்று கேட்டார். அவள் கயிறு நடுங்குவதைப் பார்த்தபடி பதில் சொன்னாள். அவர் அதிலும் குறைத்துக் கேட்டார். திட்டின் விளிம்பு அறுபதடி தூரத்தில் வந்துவிட்டது. கயிறு இன்னொரு தடவை சுண்டியது. அவர் அசையவில்லை.

பிறகு கயிறு கனத்தது.

"பையை இறக்கி வெச்சாச்சு" என்று முணுமுணுத்து, வெடுக்கென்று இழுக்காமல் கையை உயர்த்தினார். மீன் கீழே பாய்ந்தபோது விட்டுக்கொடுத்தார், களைத்தபோது வாங்கிக்கொண்டார். அவள் கைவலையோடு குனிந்தாள். தாம்பாளம் அகலத்தில் படகுக்குள் வந்து விழுந்த மீன், வீட்டுக்குப் போய்ப் பிரித்தபின் அளவு குறைவதைக் கண்டுபிடித்த வாடிக்கையாளர் மாதிரி, இரண்டு கண்ணாலும் அவரை முறைத்தது.

படகே ஆட அவர் எழுந்து நின்றார். கடையில் இருக்கிற சரக்கு மொத்தத்தையும் சொன்ன விலைக்கே விற்ற முகம்.

"உட்காருங்க, கவுத்துடாதீங்க" என்றாள் அவள்.  கரை வரும்வரை இரண்டு மூன்று தடவை திரும்பி மீனைப் பார்த்தாள், பிறகு அவரை.

படகுத்துறையில் குடையோடு தலை நரைத்த அம்மாள் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். படகுக்காரி கயிற்றைக் கட்டிவிட்டுத் துள்ளி ஏறினாள். மீனை இரண்டு கையாலும் நெஞ்சுவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்த நடையாகக் குடைக்கு முன்னால் போய் நின்றாள்.

"பதறாத மனுஷன், நல்லாப் பார்த்துட்டேன்" என்றாள். "உன்னைத் தைரியமா இவருக்குக் கட்டிக் கொடுக்கலாம், அம்மா."