கரகரப்பு

படுக்கையாய்க் கிடந்த பிச்சம்மாளுக்கு ஒரே குறைதான். தினமும் மாலையில் டில்லி ரேடியோவில் பாடும் இளைய மகன் நயினாரின் குரல் கரகரவென்று கேட்டது.

மூத்தவன் சிவதாணு ஒலிப்பதிவு இன்ஜினீயர். ஸ்டுடியோவுக்காகத் தானே வடிவமைத்த ஸ்பீக்கரை வலியசாலை வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

“பழைய பெட்டியே போதுமே,” என்றாள் மனைவி உலகம்மை.

“அம்மா ஒரு தடவையாவது அவனைத் தெளிவாக் கேக்கட்டும்.”

அடுத்த அறையில் ஸ்பீக்கரைச் சோதித்தபோது இருமல் கேட்டது.

“அம்மாவுக்கு வெந்நி குடு.”

“அத்தை உறங்குகாவளே!”

மாலையில் பாட்டு ஒலித்தது.

“இப்பம் தெளிவாக் கேக்காம்மா?”

“கேக்கு மக்கா. பாட்டுக்குப் பின்னால, அடுக்களையில நான் இருமுகதும் கேக்கு. நான் நடந்து திரிஞ்ச காலத்தில, நம்ம வீட்டில வச்சு நீ டேப்பில பிடிச்ச பாட்டுல்லா இது?”

சிவதாணு ஸ்பீக்கரை அணைத்தான்.

“சொல்லுலே, நயினார் எப்பம் செத்தான்?”